மூன்றாம் சிலிண்டர்

“எதையும் தொட்றாதே அம்மிணி, நாங்க வந்து மூடிக்கறோம். மாஸ்டரும் கூட வர்றாரு,” என்று சொல்லிவிட்டு மருதாசலம் போனை வைத்துவிட்டார். தொடக் கூடாதாம். தெய்வநாயகி எண்ணெய் அப்பிய கையோடு போனையே முறைத்தாள். நல்லா இருக்கே கதை! மூணு மாசமாக வேலை விட்டு வந்த சாயங்காலமெல்லாம் இந்த ஷெட்டில் உட்கார்ந்து தொட்டுக்கொண்டிருந்தது யாராம், பேயா பிசாசா? பொள்ளாச்சியில் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, பாயசத்துக்கும் ஏப்பத்துக்கும் நடுவே, தொடாதே என்கிறார் அண்ணன். மேஜைமேல் பீட்டில் காரின் இன்ஜின் கேஸ், நெடுக்காக அரிந்த பப்பாளி மாதிரி இரண்டு பாதியாகத் திறந்து கிடந்தது. இடது பாதியில் பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற தண்டு, கிராங்க், படுத்திருந்தது. துடைத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றும்படி அவள்தான் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் கேம் படுக்க வேண்டிய பள்ளம் மட்டும் காலி. மேஜை ஓரத்தில் கேம் இரண்டு இருந்தன. ஒன்று அவள் தேடித் தேடி வாங்கியது. இன்னொன்று பென்னி மாஸ்டர் நேற்று நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, “அன்பளிப்பும்மா” என்று வைத்துவிட்டுப் போனது. ஒரு முழ நீளத் தண்டு, அவ்வளவுதான். ஆனால் வால்வு எப்போது திறக்கணும், எவ்வளவு திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்தே கிடக்கணும் என்பதெல்லாம் அதன் மேடுகள் சொல்வதுதான் சட்டம். இன்ஜினின் குணமே அதுதான். மற்ற வண்டிகளில் கேமை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இந்தப் பீட்டிலில் கேஸை மூடினால் மூடினதுதான், மனசு மாறினால் அத்தனையையும் அக்கக்காகப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

தகரக் கூரை கொதித்தது. பின்பக்க வீட்டில் யாரோ ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைத் தாளித்தார்கள், சோம்பு வாசனை பெட்ரோல் வாசனையோடு கலந்து வந்தது. பசித்தது. சாப்பிடப் போனால் வருவதற்குள் அவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு மனப்பாடம். மாஸ்டர் சட்டைக் கையை மடிப்பார். “நகரும்மா” என்பார். குரலில் கோபமே இருக்காது, அதுதான் எரிச்சல், தேன் ஒழுகும். நகர்ந்து நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கணும். தான் கொடுத்த அந்தப் பெரிய கேமைப் பள்ளத்தில் வைப்பார். அண்ணன் தலையை ஆட்டுவார். முடிந்தது. அண்ணன் போன வாரமே தீர்த்துச் சொல்லிவிட்டார்: “மாஸ்டர் சொல்ற கேமைப் போடு. இல்லீன்னா ஷெட்டைக் காலி பண்ணு. இன்னொருக்கா மலையில நின்னு ஊர் சிரிக்கறதுக்கு என்னால முடியாது.” ஷெட் அவருடையது. கார் இவளுடையது. ஷெட் இல்லாவிட்டால் காரை எங்கே வைப்பது, வாடகை வீட்டு மாடிப்படிக்கு அடியிலா? அடுத்த மாதம் எஸ்டேட் ரோட்டில் மலையேற்றப் போட்டி. அதில் ஓட்டணும். ஓட்டியே ஆகணும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். பென்னி மாஸ்டரைச் சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர், பழைய விமான ஓடுதளத்தில் நேர்க்கோட்டில் விடுகிற பந்தயத்தில் அவர் கட்டிய இன்ஜினை ஜெயிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அதனால்தான் கார்ப் பந்தயச் சங்கத்தில் ஒவ்வொருத்தனும் அவர் போடுகிற கேமையே போடுகிறான். என்ன வண்டி, என்ன ஹெட், எந்த ரோடு, ஒன்றும் கேட்பதில்லை. “மாஸ்டர் கேமா? அப்ப சரி.” பெரிய கேம் என்றால் பெரிய ஆம்பளை. எத்தனை பேர் அதைப் போட்டுவிட்டு சிக்னலில் வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுபோவதையே ஒரு பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள், கெரகம், வண்டி சிக்னலில் நிற்பது பெருமையா?

அவளும்தான் போட்டாள். போன வருஷம். போட்டாள் என்ன போட்டாள், அவர் போட்டார், இவள் நகர்ந்து நின்றாள். கேஸ் மூடுகிற அன்றைக்குக் கேமின் முனையில் வைக்க வேண்டிய வட்ட மூடியை மாஸ்டர் மறந்துவிட்டார். உள்ளங்கை அளவு கூட இல்லாத தகர மூடி, அதை வைக்காமல் மூடினால் எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டும். பசையெல்லாம் தடவி, வலது பாதியைத் தூக்கிவிட்டார். இவள் வாயைத் திறக்காமல் மூடியை எடுத்து நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் டீக்கடையில், “பாவம் புள்ள, மூடியையே மறந்திருச்சு, நான் பார்த்ததால ஆச்சு” என்று சிரித்திருக்கிறார். அதற்கும் சும்மா இருந்தாள். ஏன் சும்மா இருந்தாய்? ஒரு மூடிதானே என்று. மூடியில் ஆரம்பித்தது பிஸ்டனில் வந்து முடிந்தது. மலையில் அந்தப் பயிற்சி நாள். பாதி மலை ஏறியிருப்பாள். முதலில் வாசனை வந்தது, இஸ்திரிப் பெட்டியைச் சேலையில் மறந்து வைத்தால் வருமே, அப்படி. பிறகு கடகடவென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, ஒரே புகை. இறங்கி நின்றாள். பாக்குமரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றது ஞாபகம் இருக்கிறது. மிளகு பச்சையாக இருந்தது. கீழே இருந்து எல்லாரும் ஏறி வந்தார்கள். இங்கே ஷெட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் ஓரம் உருகி வழிந்திருந்தது. மாஸ்டர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேம்ல ஒண்ணும் குத்தமில்லை. கியரை மாத்தாம அமுக்கி ஓட்டியிருக்கேம்மா. லேடீஸ் கால், வேறென்ன.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக் கூட இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “நீ என்ன சொல்றே?” என்று கேட்டார். அத்தனை முகமும் இவளைப் பார்த்தது. இவள் சொன்னாள், “என்ற தப்புதாண்ணா.”

சொன்னாள்! இந்த வாயாலேயே சொன்னாள். நினைக்க நினைக்க நாக்கில் துரு ஊறுகிறது. சொன்னால் எல்லாரும் கலைந்து போவார்கள், கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அதற்காகச் சொன்னாளா? நிஜமாகவே நம்பிச் சொன்னாளா? இரண்டும்தான். பம்ப் கம்பெனியில் தண்டுகளை அளந்து பார்ப்பது அவள் வேலை, அங்கே அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்று பேர். தலைமுடி அளவுகூட இல்லை, அதில் பத்தில் ஒரு பங்கு தண்டு தடித்துவிட்டாலும் டயல் கேஜ் முள்ளைக் காட்டி, “எடுத்துட்டுப் போங்க” என்பாள். சூப்பர்வைசர் கெஞ்சுவார். மேனேஜர் கூப்பிட்டு அனுப்புவார். “முள்ளு என்ன சொல்லுதோ அதுதான் சார், நான் என்ன பண்ணட்டும்,” என்று உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். கல்யாணமும் அப்படித்தான். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று ஜோசியர் அடித்துச் சொல்லிக் கட்டிவைத்தார்கள். ஒரு வருஷம் வாழ்ந்து பார்த்துவிட்டு இது எனக்கு ஆகாது என்று பெட்டியோடு வந்துவிட்டாள். “புருஷனையும் ரிஜெக்ட் பண்ணிட்டா” என்று கேன்டீனில் சொன்னார்கள், பண்ணினாள்தான், அதிலென்ன பொய்? அப்படிப்பட்டவள் ஒரு பிஸ்டனை ஒரு ஆள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல்லை அளக்காமல் வாங்கிக்கொண்டாள். டயல் கேஜ் அவள் பையிலேயே இருந்தது. கேமை எடுத்து அளந்தாளா? இல்லை. தன் காலைத்தான் குற்றம் சொன்னாள். ராத்திரியெல்லாம் படுக்கையில் வலது கால் தானாக அமுங்கும், அமுக்கினேனோ, லேட்டாக மாற்றினேனோ, அந்த வளைவிலா, அதற்கு முந்தின வளைவிலா. ஒரு வருஷம். வேலைக்கு ஸ்கூட்டரில் போகும்போதுகூட, கூடப்பிறந்த வியாதி மாதிரி அந்தக் கால். போதும், சனியனே, போதும்.

ஆனால் ஒருவேளை கால்தானோ? பாருங்கள், இவ்வளவு கத்தின பிறகும் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறது புத்தி. ஒருவேளை மாஸ்டர் சொன்னதுதான் சரியோ. அவள் தன்னுடைய கேமைக் கையில் எடுத்தாள், குளிர்ந்திருந்தது, இந்த வெயிலிலும். மாஸ்டர் கேமையும் எடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது, அவர் கேமின் மேடுகள் உப்பி, தோள் அகன்று, வால்வை மூடவே மனசில்லாத மேடுகள். வேகமாகச் சுற்றினால் அது ராஜா. மெதுவாகச் சுற்றினால் உள்ளே வந்த காற்றும் பெட்ரோலும் வால்வு மூடுவதற்குள் வந்த வழியே திரும்பிப் போய்விடும், இழுவை இருக்காது. ஓடுதளத்தில் யார் மெதுவாகப் போகிறார்கள்? யாரும் இல்லை. சரி, மலை ரோட்டில்? கண்ணை மூடினாள். ரோடு வந்தது. ஒரு கொண்டை ஊசி, ஒரு சின்ன இழுப்பு, அதற்குள் அடுத்த கொண்டை ஊசி. இரண்டாம் கியர், மறுபடி இரண்டாம் கியர், முதல் கியர். இன்ஜின் மூச்சு விட்டு மேலே போவதற்குள் வளைவு வந்துவிடும். அந்தக் கேம் முழிப்பதே மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேலே. வளைவில் அதற்குக் கீழே விழும், விழுந்தால் இழுக்காது, இழுக்கவில்லையே என்று இன்னும் மிதிப்பாள், யாராக இருந்தாலும் மிதிப்பார்கள். இதுவோ தண்ணீர் இல்லாத இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் சாமி. அந்தக் காற்றை அனுப்புகிற ஃபேன் கிராங்கோடு பெல்ட்டில் கட்டிக் கிடக்கிறது, இன்ஜின் மெதுவானால் அதுவும் மெது. மிதி மட்டும் முழுசு. மூன்றாம் சிலிண்டருக்கு வருகிற காற்றோ எண்ணெய்க் கூலரைச் சுற்றிச் சூடாகித்தான் வரும். சூடு முதலில் அங்கேதான் ஏறும். உருகினது எது? மூணு. அட, உருகினது மூணு! கால் அமுக்கியிருந்தால் அது கால் செய்ததா, கேம் செய்ய வைத்ததா? அதற்கு முந்தின வருஷமெல்லாம் கார்க் கம்பெனி தந்த இன்ஜினோடு, கம்பெனிக் கேமோடு இதே ரோட்டில் எத்தனை தடவை ஏறியிருக்கிறாள். மாட்டு வண்டி வேகம்தான், பின்னால் வந்த ஜீப்காரர்கள் திட்டினார்கள்தான், ஆனால் ஒரு நாள் புகைந்ததா? அதே கால்தாம்மா அது. அதே வலது கால். செருப்பு அளவுகூட மாறவில்லை.

அப்படியானால் இந்தச் சின்ன கேம் சரி. இல்லை, இரு. அவசரப்படாதே. உனக்குச் சரியாகப்படுவது பயத்தினால் இல்லையா? சூடு கண்ட பூனையா நீ? சின்னதாகப் போடுகிறேன், பத்திரமாக ஏறுகிறேன், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒளிந்துகொள்கிறாயா? இந்தக் கேள்விதான் மூணு மாசமாக முள்ளாகக் குத்துகிறது. அவள் நின்று, அதையும் அளந்தாள். பயம் என்றால் கம்பெனிக் கேமையே போட்டிருப்பாள். இது கம்பெனிக் கேம் இல்லை, அதைவிட ஒரு படி மேலே, கீழ் வேகத்திலேயே பிடித்து வளைவிலிருந்து உதைத்துத் தள்ளுகிற கேம். ஹெட்டில் இவள் போட்ட வால்வு, ஒற்றை கார்ப்பரேட்டர், பிஸ்டன் மேலே வந்து நெருக்குகிற அளவு, மாற்றாத பழைய கியர்பாக்ஸ், எல்லாவற்றுக்கும் இதுதான் ஒத்துப்போகிறது. டிகிரி போட்ட வட்டத் தகட்டை மாட்டி, டயல் கேஜ் முள்ளை வைத்து, வால்வு திறக்கிற இடம், மூடுகிற இடம் எல்லாம் முன்பே தன் கண்ணால் பார்த்திருந்தாள். மாஸ்டர் அட்டையில் அச்சடித்த நம்பரைப் பார்ப்பார். இவள் தண்டைப் பார்த்தாள். நேர் ரோட்டில் மாஸ்டர் கேம் போட்டவனிடம் தோற்பாள். தோற்கட்டும். நேர் ரோட்டுக்கு யார் போகிறார்கள்? இவளுக்கு வேண்டியது மேலே உள்ள அந்தத் தேயிலை ஃபேக்டரி வாசல், அவ்வளவுதான், அங்கே போய் இறங்கிக் கதவைச் சாத்துகிற சத்தம். பயம் இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு ஒரு பக்கம் இருக்கிறது, இரண்டும் ஒரே கேமைக் காட்டினால் அதற்கு நான் என்ன செய்ய, பயப்படாதவள் என்று காட்டுவதற்காகத் தப்பான கேமைப் போடணுமா? போங்கய்யா!

கை ஏற்கெனவே பசை டப்பாவைத் திறந்துவிட்டது. மூடியைத் திருகின பிறகுதான் திருகியதே அவளுக்குத் தெரிந்தது. சின்ன கேமை எண்ணெயில் குளிப்பாட்டி, மேடுகளுக்குக் கறுப்புப் பசையைத் தேய்த்துப் பள்ளத்தில் இறக்கினாள். கிராங்கின் பல்சக்கரத்தில் புள்ளி இரண்டு, கேமின் சக்கரத்தில் புள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்று உட்காரணும், ஒரு பல் தள்ளினால் அத்தனையும் நாசம். உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். உட்கார்ந்திருந்தது. முனையில் வட்ட மூடி. வைத்தாள், வைத்துவிட்டுச் சத்தமாகவே, “வெச்சாச்சு மாஸ்டர்” என்றாள், ஷெட்டில் யாரும் இல்லை. பிறகு பசை. கேஸின் விளிம்பெல்லாம் விரலால் மெல்லிசாக இழுத்தாள், கோலம் போடுகிற கை இதற்காவது உதவட்டும். இனி நின்று யோசிக்க முடியாது, பசை இழுத்துக்கொள்வதற்குள் மூடணும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். வலது பாதியை ஒருவர் இறக்கும்போது, மேலே நிற்க வேண்டிய பிஸ்டன் மாட்டுகிற இரண்டு கனெக்டிங் ராடுகளும் சாயாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ளணும். அந்த இன்னொருவருக்காகத்தானே இத்தனை நாள் எல்லாரிடமும் நகர்ந்து நின்றது. பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்தாள். ராடுகளில் முடிந்து, வலது பாதியின் துளைகள் வழியே இழுத்து, கூரைக் குழாயில் கட்டினாள். ராடுகள் விறைப்பாக நின்றன. வால்வைத் தள்ளுகிற டேப்பெட்டுகள் கீழே விழாமல் இருக்கக் கெட்டி கிரீஸை அப்பி, கம்பியை வளைத்துக் கிளிப் போட்டாள். தூக்கினாள். கேஸின் பாதி அப்படியொன்றும் கனமில்லை. ஆனால் ஒரு ராடு உரசியது. நிறுத்தினாள், மூச்சு விட்டாள், முழங்கையால் அதை ஒரு பொட்டு நகர்த்தினாள், இறக்கினாள். இரண்டு பாதியும் தொட்டுக்கொண்டபோது டக்கென்று ஒரு சின்ன சத்தம்தான் வந்தது. கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தாள். சுற்றியது. தடையே இல்லை. அழுகை வந்தது, அதை யார் கேட்டது இப்போது, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு டார்க் ரெஞ்சை எடுத்தாள். நடு நட்டுகள் முதலில், அப்புறம் ஓரம், கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடி நடு. சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் ஒவ்வொரு தடவையும் கிளிக் என்றது. அவ்வளவு நல்ல சத்தத்தை அவள் அந்த வருஷத்தில் கேட்டதே இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. மருதாசலம் பட்டு வேட்டியோடு தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பென்னி மாஸ்டர், நெற்றியில் சந்தனம், சட்டைக் கையை இப்போதே மடித்துக்கொண்டு.

“நகரும்மா, பார்ப்போம்,” என்றவர் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். நியூஸ்பேப்பர் பிரித்தபடி கிடந்தது, அதன்மேல் அவருடைய கேம். “எதை உள்ளே போட்டே?”

“என்றதை. நான் வாங்குனதை.”

“ஒத்தையிலயா மூடினே?”

“ஆமாங்க மாஸ்டர்.”

மாஸ்டர் சிரித்தார். “சரி விடு, பசை இன்னும் காயலை. பிரிச்சுப் போட்றலாம். மருதாசலம், அந்தப் பக்கம் பிடிங்க.”

மருதாசலம் தாம்பூலப் பையைக் கீழே வைத்தார். மேஜைக்கு வந்தார். தெய்வநாயகி நகரவில்லை. இரண்டு கையையும் கேஸ்மேல் வைத்துக்கொண்டு நின்றாள், பசை விரலில் ஒட்டியது.

“அம்மிணி, வழி விடு,” என்றார் அண்ணன். “ஷெட்டைப் பத்தி நான் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்கண்ணா. காலி பண்ணிக்கறேன். இன்ஜினைப் பிரிக்க விட மாட்டேன்.”

“இதுவும் உருகிச்சுன்னா?”

“உருகினா நான் உருக்கினேன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. நானே உங்களோட வந்து சொல்றேன்.”

“வீம்பு,” என்றார் மாஸ்டர், இந்தத் தடவை தேன் இல்லை. “போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? நீயே உன்ற வாயாலதானே ஒத்துக்கிட்டே?”

“அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றாள். மாஸ்டரைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்தாள். “அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, நீ என்ன சொல்றேன்னு. என்ற தப்புன்னு சொன்னேன். அளக்காம சொல்லிட்டேண்ணா. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கறேன்.”

மருதாசலம் மாஸ்டரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் பக்கத்தில் கிடந்த டார்க் ரெஞ்சை எடுத்தார். பிரிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்து அவள் கேஸை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“எந்த நட்டு பாக்கி?” என்றார் அவர்.

“ஒண்ணும் பாக்கி இல்லீங்.”

அவர் ரெஞ்சை நடு நட்டில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், கிளிக் என்றது. பிறகு அதை அவளிடமே கொடுத்தார்.